ரோட்டில் விழுந்தவனும் கட்டிலில் விழுந்தவனும்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "சார், லாரி டிரைவருக்கு எந்த ஹெல்த் இன்சூரன்ஸ் நல்லதுங்க?" ஒரு வரிக் கேள்வி. ஒரு வரியில் பதில் வரும் என்று நினைத்திருப்பான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் 1923-இல் இருந்துதான் ஆரம்பிப்பார் என்பது அவனுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் டிரைவரோ, கிளீனரோ, லாரி ஓனரோ இருந்தால் கடைசிவரை படியுங்கள். நாமக்கல் பக்கத்தில் அப்படி ஒருவர்கூட இல்லாத வீடு எது?

முதலில் எங்கள் சித்தப்பா கதை. சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது.

மானாவாரிக் காடு காய்ந்துபோய் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஸ்டியரிங் பிடிக்கப் போன காலம் அது. சித்தப்பா பம்பாய், கல்கத்தா லைனுக்கு ஓட்டினார். ஒரு நடை போய்வர இருபது நாள், சில சமயம் ஒரு மாதம். 1974-இல் ஒரு நடை முடித்து வந்தவர் கண்ணெல்லாம் மஞ்சளாக வந்தார். வழியில் எங்கே எந்தத் தண்ணீரைக் குடித்தாரோ. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது 19 வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சித்தி கையில் இரண்டு குழந்தைகள்.

லாரி முதலாளி நல்ல மனிதர். நேரில் வந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு சரி.

அதே வருடம் பக்கத்து ஊர் டிரைவர் ஒருவர் ஆந்திரத்தில் லாரி மோதி இறந்தார். அந்தக் குடும்பத்துக்கு இழப்பீட்டு ஆணையர் மூலமாகப் பணம் வந்தது. மூன்று வருடம் ஆனது, ஆனால் வந்தது. எங்கள் அப்பா அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி ரோட்டுல விழுந்திருந்தா புள்ளைகளுக்கு நாலு காசு வந்திருக்கும். கட்டில்ல விழுந்துட்டான்."

அப்பா சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் அன்றைய சட்டம் அப்படித்தான் இருந்தது. ஏன் அப்படி இருந்தது, இப்போது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

வெள்ளைக்காரன் காலத்தில் 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் அமல். வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்து செத்தாலோ ஊனமானாலோ முதலாளி பணம் தர வேண்டும். இயந்திர வண்டி ஓட்டுகிறவனும் அதன் பட்டியலில் உண்டு. தொழிலால் வரும் நோய்களுக்கும் ஒரு பட்டியல் போட்டார்கள். ஆரம்பத்தில் அதில் இருந்தவை ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு, ஆந்த்ராக்ஸ். எல்லாம் தொழிற்சாலை நோய். டிரைவருக்கு வரும் முதுகுவலி, சர்க்கரை, மஞ்சள் காமாலை எதுவும் அதில் கிடையாது.

அடுத்தது 1939 மோட்டார் வாகனச் சட்டம். அதில் கட்டாய இன்சூரன்ஸ் பகுதி 1946 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. லாரி மோதி ரோட்டில் போகிறவர் செத்தால் அவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அதோடு, வண்டி ஓட்டும் சம்பள டிரைவருக்கு 1923 சட்டப்படி முதலாளி தர வேண்டிய தொகையையும் அதே இன்சூரன்ஸ் ஏற்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 1988-இல் வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டத்திலும் இது தொடர்ந்தது. சரக்கு வண்டியில் போகும் கிளீனருக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

டிரைவருக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் காப்பீடு இதுதான். வண்டிக்குப் போட்ட பாலிசியில் ஒரு ஓரமாக அவன் ஒட்டிக்கொண்டு வந்தான். அதுவும் விபத்துக்கு மட்டும்.

அப்படியானால் நோய்க்கு என்ன செய்தார்கள்? சுதந்திரம் வந்த கையோடு 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். நம் பக்கம் 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. மில் தொழிலாளிகளுக்கு அது பெரிய வரம். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வெளி நோயாளி வைத்தியம், மாத்திரை, ஆபரேஷன், நோயில் படுத்தால் சம்பளத்தில் ஒரு பங்கு என எல்லாம் கிடைத்தது. என் வகுப்பில் கோவை மில் தொழிலாளி மகன் ஒருவன் படித்தான். அவன் அப்பாவுக்கு டி.பி. வந்தபோது இ.எஸ்.ஐ.தான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

ஆனால் இ.எஸ்.ஐ.யில் ஒரு எண் இருந்தது. ஒரு நிறுவனத்தில் இத்தனை பேர் வேலை பார்த்தால்தான் சட்டம் பொருந்தும். முதலில் தொழிற்சாலைகள், பிறகு கடை, ஓட்டல், லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்று விரிந்தது. அந்த எண் 20 என்று இருந்து பின்னர் 10 ஆனது.

1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. படித்துப் பார்த்தால் அருமையான சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. இரவில் தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை. மருத்துவ வசதி, வண்டியில் முதலுதவிப் பெட்டி, சீருடை. இதிலும் ஒரு எண்: 5 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளிகள் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரித் தொழில் எப்படி வளர்ந்தது? டிரைவராகப் போனவன் சீட்டுப் போட்டு, நிலத்தை அடகு வைத்து, பைனான்ஸ் வாங்கி ஒரு லாரி எடுத்தான். பத்து வருடத்தில் இரண்டாவது. முதல் வண்டி தன் பெயரில், அடுத்தது சம்சாரம் பெயரில், மூன்றாவது மச்சான் பெயரில். நம் ஊரின் கெட்டிக்காரத்தனமே அதுதான். கம்பெனி கிடையாது, முதலாளியும் நேற்று வரை ஸ்டியரிங் பிடித்தவன். பாடி கட்டும் பட்டறைகளும், கேஸ் டேங்கர்களும், ரிக் வண்டிகளும் இந்த முறையில்தான் பெருகின.

ஆனால் 5 பேர், 10 பேர், 20 பேர் என்று எண்ணி எழுதிய சட்டம் எதுவும் இரண்டு லாரி ஓனரைத் தொடவில்லை. அவரிடம் இருக்கும் இரண்டு டிரைவர்களையும் தொடவில்லை. முதலாளி ஏமாற்றினார் என்று இதைச் சொல்ல மாட்டேன், பெரும்பாலும் அப்படி இல்லை. கூரையும் கேட்டும் வருகைப் பதிவேடும் உள்ள இடத்தை மனதில் வைத்துச் சட்டம் எழுதினார்கள். லாரிக்குக் கேட் கிடையாது.

1986-இல் அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளைம் என்ற பாலிசியைக் கொண்டுவந்தன. யார் வேண்டுமானாலும் பணம் கட்டிச் சேரலாம். படிக்காசில் பிழைக்கும் டிரைவர் எங்கே சேர்ந்தான்? ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடையாது, முதலில் கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு பில் அனுப்பி வாங்க வேண்டும். எங்களைப் போன்ற வாத்தியார்களே யோசித்த விஷயம் அது.

அடுத்து வந்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். 1990-களில் எய்ட்ஸ் விழிப்புணர்வு என்றால் லாரி டிரைவர் படம்தான் போடுவார்கள். நம் மாவட்டத்தின் பெயரும் சேர்ந்து அடிபட்டது. லாரிப் பேட்டைகளில் முகாம் போட்டார்கள், நல்ல வேலையும் செய்தார்கள். ஆனால் பழி டிரைவர் மேல் ஒட்டிக்கொண்டது. பெண் தர யோசித்தார்கள். அந்தக் காலத்து மருத்துவப் பாலிசிகளில் எச்.ஐ.வி.க்கு வைத்தியச் செலவு கிடையாது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். 2004-இல் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பல குடும்பங்கள் மூச்சுவிட்டன. தாம்பரம் ஆஸ்பத்திரி அந்த முதல் சில மையங்களில் ஒன்று. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இன்சூரன்ஸில் அநியாயமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் அமலானது. அந்த நடுவருடங்களில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த சிலர் போய்விட்டார்கள். பெயர் வேண்டாம். அவர்கள் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள்.

2009 ஜூலை 23-இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களும், நலவாரிய உறுப்பினர்களும் அதில் வந்தார்கள். 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்றானது.

கட்சி பேச நான் வரவில்லை. வரலாறாகப் பார்த்தால் இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. அதற்கு முன் உன் முதலாளி யார், எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்றுதான் சட்டம் கேட்டது. 2009-க்குப் பிறகு உன் ரேஷன் கார்டு எது, குடும்ப வருமானம் என்ன என்று கேட்டது. எண்ணுவது நிறுவனத்தில் இருந்து குடும்பத்துக்கு மாறியது. அதனால் சித்தப்பா மாதிரி ஆள் முதல் முறையாகக் கணக்கில் வந்தான். கட்டிலில் விழுந்தாலும் ஒரு அட்டை இருந்தது.

அதே காலத்தில் பழைய 1923 சட்டமும் கொஞ்சம் திருந்தியது. 2010 ஜனவரி 18 முதல், வேலையில் பட்ட காயத்துக்கு ஆன வைத்தியச் செலவை அப்படியே திருப்பித் தர வேண்டும் என்று சேர்த்தார்கள். செத்தால் பணம், கை கால் போனால் பணம் என்றிருந்த சட்டம், ஆஸ்பத்திரி பில்லை ஏற்க 86 வருடம் ஆகியிருக்கிறது!

மாரடைப்பு? இது முக்கியம், கவனியுங்கள். லாரி கிளீனர் ஒருவர் நெஞ்சுவலியில் இறந்த வழக்கில், வேலைப் பளுவால்தான் வந்தது என்று நிரூபிக்கவில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. 2012 டிசம்பரில் இன்னொரு வழக்கு. டெல்லியில் இருந்து ஜார்க்கண்ட் பக்கம் போன ஒரு லாரி டிரைவர், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு உடம்பு சரியில்லை என்று வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். மயங்கி விழுந்து இறந்தார். அத்தனை தூரம் ஓட்டியதன் அழுத்தத்தை ஒதுக்கிவிட முடியாது, இது வேலையோடு தொடர்புடைய சாவுதான் என்று உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் சாட்சியம். எத்தனை நாளாக ஓட்டினான், எத்தனை கிலோமீட்டர், ஓய்வு இருந்ததா என்பதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

இனி சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் பதிவுக்குக் காரணமே அதுதான்.

இரவு பத்தரை மணிக்கு போன் வந்தது. "சார், நான் உங்க ஸ்டூடண்ட் வூட்டுக்காரிங்க பேசறேன்" என்று ஒரு பெண் அழுதாள். 1988-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருக்கிறான். இப்போதெல்லாம் கிளீனர் கிடைப்பதில்லை, தனியாகத்தான் ஓட்டம். நாக்பூருக்குக் கொஞ்சம் முன்னால் நெஞ்சுவலி. ஒரு தாபாவில் வண்டியை நிறுத்தியிருக்கிறான். தாபாக்காரர் ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அந்த முகம் தெரியாத மனிதருக்கு என் வணக்கம்.

ஸ்டென்ட் வைக்க வேண்டும், பணம் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "காப்பீட்டு அட்டை இருக்குதுங்க சார், அங்க செல்லாதுங்கறாங்க" என்றாள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் அட்டைக்காரர்கள் எல்லோருக்கும் வெளிமாநிலத்தில் வைத்தியம் கிடைப்பதில்லை. பொதுவாக, ஆயுஷ்மான் பாரத் பட்டியலிலும் பெயர் உள்ள குடும்பத்துக்குத்தான் மற்ற மாநிலங்களில், அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்கும். மாநில அரசு தன் செலவில் சேர்த்துக்கொண்ட குடும்பம் என்றால் தமிழ்நாட்டில்தான். வருடத்தில் 250 நாள் வெளிமாநிலத்தில் இருக்கிறவனுக்கு இது எப்படிப்பட்ட ஓட்டை என்று பாருங்கள்.

மொத்த பில் 2 லட்சத்து 60 ஆயிரம். லாரி ஓனரும் என் மாணவன்தான், இரண்டு வருடம் ஜூனியர். இரண்டு வண்டி வைத்திருக்கிறான், இரண்டுக்கும் பைனான்ஸ் ஓடுகிறது. சம்சாரத்தின் நகையை வைத்துப் பாதிப் பணம் அனுப்பினான். மீதியை அவள் வட்டிக்கு வாங்கினாள்.

ஆள் பிழைத்துவிட்டான். நான் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "படிக்கலீன்னா லாரியில கிளீனராத்தான் போவேன்னு சொல்லுவீங்களே சார். அப்படியே ஆச்சுங்க. ஆனா நான் டிரைவராகிட்டேன்."

அவன் மனதில் வன்மம் இல்லை. எனக்குத்தான் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்! சித்தப்பாவின் படிக்காசில் கல்லூரிக்குக் கட்டணம் கட்டியவன் நான். லாரி டிரைவர் தொழிலை ஒரு தண்டனை மாதிரி வகுப்பில் சொன்னதற்கு இங்கே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது, அந்தத் தொழிலுக்குப் போகிறவனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை. பாடப் புத்தகத்தில் தொழிற்சங்க வரலாறு இரண்டு பக்கம் இருந்தது. அதை நடத்தும்போதாவது சொல்லியிருக்கலாம்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். கரும்பலகைக் கணக்கு மாதிரி உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு டிரைவருக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,16,000. முதலமைச்சர் திட்டத்தின் வருமான வரம்பு 72,000-இல் தொடங்கிப் பிறகு 1,20,000 ஆனது. நேர்மையாக வருமானச் சான்று வாங்கினால் இவன் அதற்கு மேலே. இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000. அதற்கு இவன் தகுதியானவன்தான், ஆனால் முதலாளியிடம் 10 பேர் இல்லை. ஒன்றுக்கு வருமானம் அதிகம், இன்னொன்றுக்கு ஆள் குறைவு. நடுவில் இருக்கிற சந்தில் விழுகிறவன்தான் நம் ஊர் டிரைவர்.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. நான் மேலே சொன்ன 1923, 1948, 1961 சட்டங்கள் எல்லாம் அவற்றுக்குள் போய்விட்டன. ஒரு கையால் கொடுத்து ஒரு கையால் எடுத்திருக்கிறார்கள். 1961 சட்டத்தில் 5 என்றிருந்த எண் புதிய தொகுப்பில் 10 ஆகிவிட்டது. இது நமக்கு இழப்பு. ஆனால் 10 பேருக்குக் குறைவாக உள்ள இடத்திலும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளிகளும் சம்மதித்தால் தாமாக இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று ஒரு வழி திறந்திருக்கிறது. 18,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய். டிரைவர் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். சேர்த்து மாதம் 720. ஒரு நடையில் டீசலுக்கு ஆகும் செலவை நினைத்தால் இது பெரிய தொகையா?

அந்த 585 ரூபாயை நான் நகை வைத்த ஓனரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நகை வீட்ல இருந்திருக்குமுங்க சார்" என்றான்.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில். செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டில் உள்ள காப்பீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். அது ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்ததா, மாநிலத் திட்டம் மட்டுமா என்று கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் கேளுங்கள். நோய் வந்த பிறகு கேட்க வேண்டாம்.

2. ஓனர்கள், வண்டிப் பாலிசியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். டிரைவருக்கும் கிளீனருக்கும் உரிய பொறுப்புத் தொகை சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அதற்கான பிரீமியம் மிகச் சிறியது. எழுத்துமூலமாக ஒரு வேலைச் சீட்டும், டிரிப் ஷீட்டும் வைத்திருங்கள். 2012 வழக்கை நினைவில் வையுங்கள்.

3. சொந்த வண்டியைச் சொந்தமாக ஓட்டுகிறவர்கள் கவனம். உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு முன்பு லாரிக்கு 2 லட்சம்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு 2018-இல் 15 லட்சமாக்கினார்கள். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அது. சம்சாரம் பெயரில் வண்டி, ஓட்டுவது நீங்கள் என்றால் அந்த 15 லட்சம் உங்களுக்கு இல்லை. தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுங்கள்.

4. அமைப்புசாரா ஓட்டுநர்கள் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் படிப்பு, விபத்து மரணம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடு அல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

5. விபத்து என்றால் உடனே பணம் தேட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரத்துக்கு. எந்த மாநிலத்தவருக்கும் பொருந்தும். நாடு முழுவதற்கும் 2025 மே மாதம் அறிவித்த மத்திய திட்டம் இருக்கிறது. விபத்து நடந்த நாளில் இருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் வைத்தியம். இவை விபத்துக்கு மட்டும், நெஞ்சுவலிக்கு இல்லை.

6. எதிலும் வராதவர்கள் தனியார் பாலிசி எடுக்கத்தான் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டிய 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற ஒரே மாதிரிப் பாலிசி இருக்கிறது. அதிலிருந்து விலை விசாரிக்கத் தொடங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம்தான். விடாமல் 5 வருடம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, நோயைத் தெரிவிக்கவில்லை என்ற காரணம் சொல்லி மறுக்க முடியாது. மறைத்து எழுதி மாட்டிக்கொள்வதைவிடக் காத்திருப்பது மேல்.

7. 40 தாண்டியவர்கள் வருடம் ஒருமுறை சர்க்கரை, பிரஷர், இ.சி.ஜி. பாருங்கள். எந்தக் காப்பீடும் போன உயிரைக் கொண்டுவராது.

கட்டிலில் இருக்கும் என் மாணவனுக்காக இப்போது ஒரு வழக்கறிஞரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலை நேரத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போன இடத்தில் வந்த மாரடைப்பு. டிரிப் ஷீட் பத்திரமாக இருக்கிறது. கேட்பது ஓனருக்குச் செய்யும் துரோகம் என்று அவன் முதலில் நினைத்தான். "பாலிசி போட்டதே இதுக்குத்தான்டா, தாராளமா கேளு" என்று ஓனரே சொல்லிவிட்டான். இருவரும் என் மாணவர்கள் என்பதில் எனக்குப் பெருமை.

முடிவு என்ன ஆகும் என்று தெரியாது. தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

வரும் ஞாயிறு முதல் காலை 9 மணியில் இருந்து 12 மணி வரை நம் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். ஆர்.சி. புத்தகம், வண்டி பாலிசி, ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை நான்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்குத் தெரிந்தவரை படித்துச் சொல்கிறேன். லைனில் இருப்பவர்கள் வர முடியாது என்று தெரியும், சம்சாரத்தை அனுப்புங்கள்.

சித்தி போன வருடம்தான் காலமானார். கடைசிவரை அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றிக் குறையாகப் பேசியதில்லை. "அந்த மனுசன் வந்தாராவது வந்தார்" என்பார். நம் பிள்ளைகள் அந்த அளவோடு திருப்தி அடைய வேண்டியதில்லை.

வண்டியை எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்க்கிறீர்கள் இல்லையா கண்ணுகளா, அப்படியே இதையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்